வேலியில்லாத வயல்கள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, நொட்டிங்காம்சயர் மாவட்டத்தில், ரொபின் ஹூட் கதைகளாற் பெயர்பெற்ற ஷேர்வூட் வனத்துக்குக் கிழக்கே லக்ஸ்ரன் என்னும் சிற்றூர் உளது. ஒரு தேவாலயம், ஒரு விடுதி, நோர்மானியர் காலத்துக் கோட்டை இருந்த மண்மேடு, தெருவோரத்திலே கமக்காரர் வாழும் செங்கல் வீடுகள், காண்பதற்கு இவ்வளவே. ஆயினும், ஊரின் புறத்தே செல்வோர் ஒரு புதுமையைக் காண்பர். அந்நாட்டின் பிற ஊர்கள் பலவற்றிலே காணிகளுக்கு உயிர்வேலி உண்டு. இங்கோ வேலியில்லாத மூன்று பெருவயல்கள் பரந்து கிடக்கின்றன.

மேற்கு வயல், காற்றாலை வயல், தெற்கு வயல் என்பன அவற்றின் பெயர்கள். ஒவ்வொன்றும் நீண்டு ஒடுங்கிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கமக்காரருக்குரிய துண்டுகள் ஓரிடத்தில் இரா. மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். இதனால் நல்ல மண்ணும் தாழ்ந்த மண்ணும், அண்மை நிலமும் சேய்மை நிலமும் யாவர்க்கும் பங்காகின்றன. ஒரு வயலிலே முதலாண்டு மாரிக் கோதுமை விதைப்பர். இரண்டாம் ஆண்டு வசந்தகாலப் பயிர் இடுவர். மூன்றாம் ஆண்டு தானியம் விதையாது நிலத்துக்கு ஓய்வு அளிப்பர். இம்முறை மூன்று வயல்களிலும் மாறி மாறி வரும். ஒருவர் தம் விருப்பப்படி முறையை மாற்ற இயலாது.

மத்திய காலத்திலே இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மிகப் பல ஊர்கள் இவ்வாறே பயிரிட்டன. பின்னர் நிலத்தை ஒன்றுசேர்த்து வேலியடைக்கும் வழக்கம் பரவிற்று. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்கென 5,200க்கு மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. விளைச்சல் பெருகிற்று என்பது உண்மையே. ஆனால் பொதுநிலத்தில் ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைகள் பலர் அவ்வுரிமையை இழந்து கூலியாட்களாயினர்.

லக்ஸ்ரனிலே வேலியின் தொழிலைச் செய்வது ஊர் மன்று ஆகும். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியளவில் யூரர்கள் கோதுமை விதைத்த வயலுக்குச் செல்வர். அவர்களும் அவ்வூர்க் கமக்காரரே. வயற்பாதையையோ பொதுப் புல்நிலத்தையோ எவரேனும் உழுது தம் துண்டோடு சேர்த்துள்ளாரா என ஆராய்வர். எல்லை மயங்கிய இடத்தில் முளை அறைவர். அடுத்த வாரம் மன்று விடுதியிலே கூடும். தவறியவருக்குத் தண்டம் விதிக்கப்படும். தொகை சிறிதே. ஆயினும் அயலார் முன்னிலையில் தம் பெயர் வாசிக்கப்படுவதை எவரும் விரும்பார்.

1635ஆம் ஆண்டிலே இவ்வூரின் துண்டுகள் யாவும் அளந்து வரையப்பட்டன. அன்று தொட்டுத் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது, எருதுகள் போய் உழவு இயந்திரங்கள் வந்தன, உடைமையும் கைமாறிற்று. 1952இல் விவசாய அமைச்சு ஊரை வாங்கிற்று. 1981இல் அது முடிக்குரிய ஆதனத்தைச் சேர்ந்தது. 2020இல் அயலிலுள்ள தோர்ஸ்பி ஆதனத்தார் அதனைப் பெற்றனர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பழைய முறை நிலைக்குமா என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவுக்கு உறுதிப்பத்திரம் மட்டும் விடையாகாது. பொதுநிலத்தில் ஒரு சாண் உழுதவர் நண்பரேயாயினும், அவ்விடத்திலே முளையை அறையும் துணிவு யூரர்க்கு இருத்தல் வேண்டும். அதனை ஏற்கும் பண்பு உழுதவர்க்கும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ளவரை அவ்வயல்களுக்கு வேலி வேண்டுவதில்லை.