நடமாடும் இல்லத்தில் வெப்பம்: கருவியும் அதன் காவலரும்

உறைவிடத்தை உடன்கொண்டு உலாவ விரும்பும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. ஐரோப்பாவில் ரோமானி மக்கள் குதிரை பூட்டிய மரவண்டியையே மனையாகக் கொண்டு வாழ்ந்தனர். அவ்வண்டியின் ஒரு மூலையில் இரும்படுப்பு ஒன்று இருக்கும். 1885ஆம் ஆண்டில் கோடன் ஸ்ரேபிள்ஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர், இன்பச் செலவின்பொருட்டு இத்தகைய வண்டியொன்றைப் பிறிஸ்ரல் நகரத்துத் தொழிற்சாலையிற் செய்வித்தார். 1910இல் அமெரிக்காவில், உறங்குதற்கும் முகங்கழுவுதற்கும் வசதிகள் அமைந்த மோட்டார் வண்டியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அவற்றின் வழிவந்தனவே இன்று வட அமெரிக்கப் பெருந்தெருக்களிற் காணப்படும் மோட்டார் இல்லங்களும், பிற வண்டிகளால் இழுக்கப்படும் இழுவை இல்லங்களும் ஆகும்.

யாழ்ப்பாணத்தார்க்குக் குளிர் என்பது மார்கழி விடியலிற் போர்வையை நாடச் செய்யும் பனியே. றொக்கி மலைச் சாரலின் நிலை வேறு. 7,700 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள யெலோஸ்ரோன் ஏரிப் புறத்தில், இலையுதிர் காலத்து இரவுகளிலேயே நீர் உறைந்துவிடும். அத்தகைய இடத்தில் நள்ளிரவில் வெப்பக் கருவி நின்றுவிடின், உள்ளிருப்போர் வருந்துவதோடு நீர்க்குழாய்களும் உறைந்து வெடிக்கும். ஆகவே அக்கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது, ஏன் நின்றுவிடுகின்றது, நின்றவிடத்துச் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பன ஆராயத்தக்கனவாம்.

கருவியின் அமைப்பு

இவ்வில்லங்களிற் பெரும்பாலானவற்றில் உள்ள கருவி புரொப்பேன் வாயுவை எரித்து வளியைச் சூடாக்கும் உலையாகும். உலையின் நடுவே உலோகத்தாலான எரியறை ஒன்று உண்டு. ஒரே மின்னோடியின் அச்சில் இரு விசிறிச் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று வெளிவளியை எரியறைக்குள் இழுத்து, எரிந்த புகையை மீண்டும் வெளியே தள்ளும். மற்றையது அறைவளியை எரியறையின் புறச்சுவரின்மேற் செலுத்தி, சூடேறிய வளியைக் குழாய்களின் வழியே அனுப்பும். இவ்விரு வளிகளும் ஒன்றோடொன்று கலவா. நெருப்பு சுவாசிப்பது வெளிவளியை. மனிதர் சுவாசிப்பது உள்வளியை. இப்பிரிவினையே இக்கருவியின் உயிர்நிலை என்க. பின்வரும் காவல் யாவும் இதனையும், எரியாத வாயு தேங்காமையையும், சூடு மிகாமையையும் பேணுதற்கே அமைந்தன.

தொழிற்படும் ஒழுங்கு

அறையின் வெப்பநிலை குறித்த அளவின் கீழ் இறங்கியதும் வெப்பநிலைநிறுத்தி மின்சுற்றை மூடுகின்றது. முதலில் விசிறி மாத்திரமே சுழலும். எரியறையில் வாயு ஏதும் தேங்கியிருப்பின் அதனை வெளியேற்றுதற்பொருட்டே இம்முன்னேற்பாடு. விசிறியின் காற்று போதிய வேகம் பெற்றதும், அக்காற்றின் வழியில் நிற்கும் மெல்லிய தகடொன்று மரக்கலத்தின் பாய்போலத் தள்ளப்பட்டு ஓர் ஆளியை மூடும். இதனைப் பாயாளி என்னலாம். விசிறி தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கை எய்தினாலன்றி இவ்வாளி மூடாது. இதனுடன் தொடராக எல்லையாளி என்னும் பிறிதொன்றும் உளது. உலை அளவுக்குமேற் சூடேறின் அது திறந்துகொள்ளும்.

இவ்விரு காவலரும் இசைந்த பின்னரே மின்சுற்றுப் பலகை வாயு வால்வைத் திறந்து தீப்பொறியை எழுப்பும். சுவாலை தோன்றியதா என்பதையும் அப்பலகையே சோதிக்கும். சுவாலையில் அயன்கள் உள்ளமையால் அது மின்னைச் சிறிதளவு கடத்தும். அதனுள் நீண்டிருக்கும் கம்பியின் வழியே ஒரு சில நுண்ணம்பியர் அளவான மின்னோட்டம் பாயுமாயின் ‘தீ உண்டு’ எனப் பலகை கொள்ளும். சில விநாடிகளுள் அது பாயாவிடின் வாயுவை அடைத்துவிடும். பெரும்பாலான கருவிகள் மூன்று முறை முயன்று, பின்னர் தாமே பூட்டிக்கொள்ளும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். உலை எரியாதிருத்தல் எப்போதும் உலை பழுதுற்றதன் அறிகுறி அன்று. காவலருள் ஒருவர் ‘இந்நிலையில் தீ மூட்டுதல் தகாது’ எனத் தடுப்பதன் அறிகுறியாகவும் அது இருத்தல் கூடும். ஆதலாற் குறை தேடுவோன் வினவவேண்டியது, ‘எவ்வுறுப்பை மாற்றலாம்’ என்பதன்று. ‘ஒழுங்கு எப்படியில் நின்றது, அப்படியைக் காப்பவர் எதனைக் கண்டு தடுத்தார்’ என்பதேயாம்.

குறிகளும் காரணங்களும்

விசிறியே சுழலாதாயின், குறை மின்வழங்கலிலோ, உருகியிலோ, வெப்பநிலைநிறுத்தியிலோ, மின்னோடியிலோ உளது. இவற்றுள் உருகியையும் கம்பித் தொடுப்புகளையும் முதலிற் பார்த்தல் முறை.

விசிறி சுழன்றும் தீப்பொறியின் ஒலி கேளாதாயின், ஐயம் பாயாளியின்மேற் செல்லும். பஞ்சுத்தூசும் வளர்ப்பு நாயின் மயிரும் அத்தகட்டிற் படிந்து அதன் அசைவைத் தடுப்பதுண்டு. ஆயின் இதனினும் பெருவழக்கான காரணம் மின்கலவடுக்கின் தளர்ச்சியாகும். 12 உவோற்று ஈயவமில மின்கலவடுக்கு நிறைந்த நிலையில் ஏறத்தாழ 12.7 உவோற்றைக் காட்டும். உறைநிலையில் அது தன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்களவை இழக்கும். நள்ளிரவில் விளக்குகளுக்கும் விசிறிக்கும் மின்னளித்துக் களைத்த மின்கலவடுக்கு விசிறியைச் சுழற்றும்; ஆயின் பாயாளியை மூடத்தக்க வேகத்திற் சுழற்றாது. காதுக்கு விசிறி நன்றாகவே ஓடுவதுபோலத் தோன்றும். இங்கே உலையிற் குறை ஒன்றும் இல்லை. குறை மின்கலவடுக்கில் உளது. மின்னோடி சுழலும்போதே உவோற்றுமானியால் அளந்து பார்ப்பின் இது வெளிப்படும். சுமையின்றி அளந்த அளவு ஏமாற்றும்.

தீப்பொறியின் ஒலி கேட்டும் சுவாலை தோன்றாதாயின், வாயு வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம். பொறி வலுவற்றதாயிருத்தலும் அருகி உண்டு. வாயுவைப்பற்றிய ஆராய்ச்சி அடுத்த பகுதியில் வரும். இடைகழியாக ஒன்று கூறுதல் தகும். கோடை முழுவதும் வாளாவிருந்த உலையின் புகைவாயிலில் மண்குளவி கூடு கட்டியிருக்கும். வாயு வெளிப்படும் நுண்துளையில் சிலந்தி வலை பின்னியிருக்கும். குளிர்காலத்தின் முதல் இரவில் உலை எரிய மறுத்தற்கு இச்சிற்றுயிர்களே காரணமாதல் பலமுறை கண்ட செய்தியாகும்.

சுவாலை தோன்றிச் சில விநாடிகளில் அணைந்துவிடின், தீ இருந்தும் பலகை அதனை உணரவில்லை என்பது கருத்து. சுவாலையை உணரும் கம்பியிற் படிந்த கரியும் துருவும், உலையின் உலோக உடல் மின்சுற்றோடு நன்கு பொருந்தாமையும் இதற்குக் காரணமாகும். நுண்ணம்பியர் அளவான மின்னோட்டத்திற்கு மெல்லிய துருவும் பெருந்தடையே.

உலை நெடுநேரம் எரிந்து, பின் விசிறி ஓடிக்கொண்டிருக்கத் தீ மாத்திரம் அணைந்து மீண்டும் எரியுமாயின், எல்லையாளி திறந்து மூடுகின்றது. சூடான வளி வெளியேற வழியின்றித் தேங்குகின்றமையே இதன் பொருள். கட்டிலின்கீழ் அடுக்கிய பெட்டிகள் வளி திரும்பும் வாயிலை மறைத்தல், வளிக்குழாய் நசுங்குதல், வெளிவரும் துளைகளை உள்ளிருப்போரே மூடிவைத்தல் என்பன வழக்கமான காரணங்கள். ஒரு துளையை மூடினால் மற்றவற்றில் வெப்பம் மிகும் என எண்ணுவோர், உலையைத் தாமே மூச்சுமுட்டச் செய்கின்றனர்.

உலை ஓயாது எரிந்தும் அறை சூடேறாதாயின் குறை கருவியில் அன்று, சுவரில் உளது. இவ்வில்லங்களின் சுவர் மெல்லியது, சன்னல்கள் பல. கடத்தலாலும் இடுக்குகளின் வழியே புகும் காற்றாலும் வெப்பம் விரைந்து கழியும். தடித்த திரைகளும், சன்னலிற் பொருத்தும் காப்புத் தட்டுகளும், கதவிடுக்கை அடைத்தலுமே இதற்கு மருந்தாம்.

வாயுவின் இயல்பு

உருளையில் இருக்கும் எரிபொருள் அமுக்கத்தால் திரவமாக்கப்பட்டது. அது கொதித்து ஆவியாகிய பின்னரே உலையை அடையும். புரொப்பேனின் கொதிநிலை சதமபாகை −42. பியூற்றேனின் கொதிநிலை −0.5. இவ்வேறுபாடு பெரிது. வெப்பநாடுகளில் பியூற்றேன் மிகுந்த கலவையும் தடையின்றி ஆவியாகும். உறைநிலையில் அதே உருளையின் பியூற்றேன் திரவமாகவே கிடக்கும். இலங்கையில் 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் வீடுகளில் வாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, இவ்விரு பொருள்களின் கலவை விகிதம் நாடெங்கும் பேசப்பட்டமை நினைவுகூரத்தக்கது. குளிர்நிலத்திற் செலவு செய்வோர்க்கு வேண்டுவது புரொப்பேனேயாம்.

புரொப்பேனும் ஆவியாகும்போது மறைவெப்பத்தைத் தன் உருளையிலிருந்தே பெறும். ஆதலால் மிகு குளிரில் உலை தொடர்ந்து எரியின், உருளை தன்னைத்தானே மேலும் குளிர்வித்து அமுக்கம் குன்றும். ஏறத்தாழக் காலியான உருளையில் இக்குறை விரைவில் தோன்றும்; நனைபடும் பரப்புக் குறைவாதலின் என்க.

உருளையின் பேரமுக்கத்தைச் சீராக்கி குறைத்து, நீர்நிரலின் 11 அங்குலமாக உலைக்கு அளிக்கும். இது வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 37இல் ஒரு பங்கே. வாயு வருகின்றதா என்பதை அறியச் சமையலடுப்பைச் சிறிது நேரம் மூட்டிப் பார்ப்பது வழக்கம். ஆயின் ஒற்றையடுப்பு உலையின் தேவையிற் சிறுபகுதியையே வேண்டுவதால், அது எரிதல் மாத்திரம் போதிய சான்றாகாது. இரண்டு மூன்று அடுப்புகளை ஒருங்கே மூட்டியும் சுவாலை தாழாதிருப்பின் வழங்கல் செம்மையானது. உருளையின் வாயிலை விரைந்து திறப்பின், மிகைப்பாய்ச்சலைத் தடுக்கும் சாதனம் அதனைக் கசிவெனக் கருதி வாயுவைக் கட்டுப்படுத்தும். மெல்லத் திறத்தலே முறை. கசிவை நெருப்பாற் சோதித்தல் எக்காலத்தும் ஆகாது. சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

எளிய கணக்கொன்று பல ஐயங்களைத் தீர்க்கும். ஓர் இறாத்தல் புரொப்பேன் ஏறத்தாழ 21,500 பிரித்தானிய வெப்ப அலகுகளைத் தரும். மணிக்கு 30,000 அலகு கொள்ளும் உலை, 20 இறாத்தல் உருளையைத் தொடர்ந்து எரித்தால் சுமார் 14 மணிநேரத்தில் தீர்த்துவிடும். மாலையில் நிறைந்திருந்த உருளை மறுநாட் காலையிற் காலியாயிருப்பது விந்தையன்று.

செய்யத்தகாதது

குளிரின் கொடுமையில் மனிதர் இரு தவறுகளைச் செய்ய முற்படுவர். ஒன்று, தடுக்கும் ஆளியைக் கம்பியால் இணைத்து அதன் வாயை அடைத்துவிடுதல். பாயாளி அடைக்கப்பட்ட உலையிற் காற்றின்றியும் வாயு எரியும். எல்லையாளி அடைக்கப்பட்டதில் எரியறை வெடிக்கும் அளவு சூடேறும். எரியறையில் ஒரு பிளவு தோன்றினால் மேலே கூறிய இரு வளிகளும் கலந்துவிடும்.

மற்றையது, உலை நின்றவிடத்துச் சமையலடுப்பை மூட்டி உறங்குதல். அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. ஓர் இறாத்தல் புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 இறாத்தல் நீராவி அறைக்குள்ளேயே சேரும். அது சன்னலில் வழிந்து, படுக்கையை நனைத்துக் குளிரை மிகுவிக்கும். அதனினும் கொடியது, மூடிய அறையில் ஒட்சிசன் குன்றுதலால் எழும் காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் இணையும். தலைவலியும் மயக்கமும் களைப்பெனத் தோன்ற, உறங்குவோர் விழியாமலே இறந்துபடுவர். ஆதலின் இவ்வில்லங்களில் அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. அது ஒலிக்குமாயின், முதலில் அனைவரும் வெளியேறித் தூயவளியைச் சேர்தல் வேண்டும். காரணம் தேடுவது பின்னர்.

பயணியே செய்யத்தக்கன பல உள: மின்கலவடுக்கை அளத்தல், உருகியை மாற்றல், வளிவழிகளைத் திறத்தல், புகைவாயிலைத் துப்புரவாக்கல், நிறைந்த உருளையை இணைத்தல். வாயு வால்வு, சீராக்கி, எரியறை ஆகியவை பயின்ற தொழிலறிஞரின் கைக்கே உரியன. உலை இயங்காத இரவை மின்வசதியுள்ள தங்குமிடத்தை நாடியும், உடுத்தும் போர்த்தும் கழித்தல் கூடும்.

எந்திரத்தின் உட்பொருளை அறியாதான் அதன் தடையைப் பகையாகக் கருதுவான்; அறிந்தான் அதனைத் தன் உயிருக்கு விதித்த காவலாகக் காண்பான். கம்பித்துண்டு ஒன்றை எடுத்து ஆளியை இணைக்குமுன், அவ்வாளி எதனைக் கண்டு திறந்தது என்று ஒருகணம் வினவுவோன் குறையையும் காண்பான், காலையையும் காண்பான்.