கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு



ஒப்பிடுவதுதான் கணக்காளர் தொழில். வங்கிக் கூற்று ஒரு பக்கம், காசேடு மறுபக்கம். ஒரு சதம் பிசகினாலும் நித்திரை வராது. எர்லாங்கனில் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். வரவேண்டிய விடையை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். நிரல் ஓடியதும், வந்த விடையைக் கணினியே அதோடு ஒப்பிடும். இதுதான் தானியங்கிச் சோதனை.

ஆனால் எது "சமம்" என்பதை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும். கணினி இரண்டின் அடியில் எண்ணுவதால், பத்தில் ஒன்றைச் சரியாக எழுத அதனால் முடியாது. ஆகவே 0.3 உடன் ஒப்பிட்டால் சோதனை தோற்கும். "இவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம்" என்று எல்லை கொடுப்பது ஒரு வழி. காசுக் கணக்கில் எனக்கு அது பிடிப்பதில்லை. முழுச் சதமாக எண்ணுங்கள்: 10, 20, 30.

சின்ன வித்தியாசம்தானே என்று விடவும் முடியாது. 1992 ஏப்ரலில் யேர்மனியின் வட மாநிலமான ஸ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைனில் தேர்தல். பசுமைக் கட்சி பெற்றது 4.97 வீதம், மாநில சபைக்குப் போக 5 வேண்டும். வீதத்தை ஒரு தசமத்துக்கு வட்டமாக்கி அச்சிட்ட நிரலோ 5.0 என்று காட்டியது. நள்ளிரவுக்குப் பிறகே உண்மை தெரிந்தது. அந்தக் கட்சிக்கு ஆசனம் இல்லாமல் போனது, சமூக சனநாயகக் கட்சிக்கு ஓர் ஆசனத்தால் பெரும்பான்மை கிடைத்தது.

எங்கள் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. தமிழ்ப் பாடசாலை ஒன்றின் மாணவர் பட்டியலுக்கு இரண்டு இளைஞர்கள் நிரல் எழுதினார்கள். கட்டணக் கணக்கு என் பொறுப்பு. எதிர்பார்த்தது "பொன்மணி", வந்ததும் "பொன்மணி", சோதனை மட்டும் தோல்வி! "சோதனையை எடுத்துவிடுவோம்" என்றார் ஒருவர். நான் விடவில்லை. எடுத்திருந்தால் ஒரே பிள்ளை இரண்டு பேராகப் பதிவாகி, வீட்டுக்கு இரண்டு கட்டணக் கடிதம் போயிருக்கும். பரீட்சைப் புள்ளி எந்தப் பதிவில் ஏறும்?

பாமினியில் "பொ" அடித்த ஞாபகம் இருக்கிறதா? கொம்பு, ப, அரவு என்று மூன்று விசை. யூனிகோட்டில் ப-வுக்குப் பின் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். இரண்டும் சமம் என்றே யூனிகோட் நியமம் சொல்கிறது. ஒப்பிட முதல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர "இயல்பாக்கம்" என்ற முறையும் உண்டு. ஒரு வரி நிரல்தான், சோதனை தேறியது.

"கௌரி" அப்படித் தீராது. பலர் கொம்பு, க, பிறகு முழு "ள" அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், நியமப்படி அது வேறு எழுத்து. 2005 இல் யூனிகோட்டில் "ஶ" சேர்ந்தபின் ஸ்ரீ-யும் இரண்டு விதம். இவற்றை நிரல் தானாக இணைக்கக்கூடாது; தனிப் பட்டியலில் போட்டு, ஓர் ஆள் பிறந்த திகதியோடு பார்க்கட்டும். "பரமேஸ்வரன்", "பரமேஸ்வரி" சமமாகாது என்பதற்கும் ஒரு சோதனை எழுதச் சொன்னேன். தாராளமாக இணைக்கிற நிரல் அண்ணனையும் தங்கையையும் ஒருவராக்கிவிடும்.

பிள்ளையின் பெயரில் ஒ, ஓ, ஔ ஓசை வருகிற பெற்றோருக்கு ஒன்று: பட்டியலில் தேடிப் பெயர் கிடைக்காவிட்டால் உடனே பயப்படாதீர்கள். அந்த எழுத்தை விட்டு, மிச்சப் பெயரைத் தேடிப் பாருங்கள்.