மோரும் ஆப்பசோடாவும் சேர்ந்தால் ரொட்டி

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் சேயாற்றங்கரை ஊர்களில் இட்லி மாவு லேசில் பொங்காது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கும் மாகறலிலும் இதே நிலைதான். ராத்திரி ஆட்டி வைத்த மாவு, விடிந்த பிறகும் வைத்த அளவிலேயே இருக்கும். மாவைப் பொங்க வைப்பவை லியூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் இருந்தால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். மழைக் குளிரில் மந்தமாகிவிடும். பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்டுக்கும் இதே குணம் உண்டு.

அப்படிப்பட்ட நாளுக்கு மிகவும் பொருத்தமானது சோடா ரொட்டி. மாவு, உப்பு, புளித்த மோர், ஆப்பசோடா என நான்கே பொருள்கள். பிசைந்து ஊற வைக்கிற வேலை இல்லை. மழையில் கரண்ட் போனாலும் கவலையில்லை. கனமான பாத்திரமும் மூடியும் இருந்தால் விறகடுப்பிலேயே சுட்டுவிடலாம். அடுப்பு மூட்டியதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரொட்டி தட்டுக்கு வந்துவிடும்.

அயர்லாந்தின் குடியானவர் ரொட்டி

இந்த ரொட்டி பேர்பெற்றது அயர்லாந்தில். அங்கே விளையும் கோதுமை மென்மையான ரகம். அதில் குளூட்டன் என்னும் புரதம் குறைவு என்பதால், ஈஸ்ட் போட்டு உயரமாக எழுப்பும் ரொட்டிக்கு அது தோதுப்படாது. ஆனால் குடியானவர் வீடுகளில் மாடு இருந்தது. வெண்ணெய் கடைந்தபின் மோர் மிஞ்சியது. 1791-இல் நிக்கோலா லெப்லாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் மலிவான சோடா மெல்ல மெல்லக் கடைகளுக்கு வந்தது. 1830-களில் அது அயர்லாந்துச் சமையலறைக்குள் நுழைந்தபோது, மாவையும் மோரையும் ரொட்டியாக்க வழி கிடைத்துவிட்டது.

பெரும்பாலான வீடுகளில் பேக்கரி அடுப்பு கிடையாது. கால் வைத்த இரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து மூடி, கீழே தணல் இட்டு, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள். ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. மேலும் கீழும் சூடு கொடுத்தால் எந்தக் கனமான பாத்திரமும் அடுமனைதான்.

மாவுக்குள் நடப்பது

கடையில் ஆப்பசோடா, சமையல் சோடா என்று கேட்டு வாங்குவது சோடியம் பைகார்பனேட். இது காரத்தன்மை உள்ள உப்பு. குஜராத்தின் மிட்டாப்பூரில் 1939-இல் தொடங்கிய டாடா கெமிக்கல்ஸ் ஆலை இதைப் பெருமளவில் தயாரிக்கிறது. உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படிகமாக இறங்கும். சோடா ஆலைகளில் பரவலாகக் கையாளப்படும் முறை இது. தூத்துக்குடியில் உள்ள ஒரு ஆலை, கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா தயாரிக்கும் வேலையை 2016-இல் தொடங்கியது.

ஆலையில் இப்படி உள்ளே அடைபட்ட வாயுவைத்தான் நாம் மாவுக்குள் விடுவிக்கிறோம். திறவுகோல் மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம். அமிலமும் சோடாவும் ஈரத்தில் சந்தித்த உடனே கரியமில வாயு குமிழ் குமிழாக வெளிவரும். அரை டீஸ்பூன் ஆப்பசோடா ஏறக்குறைய இரண்டரை கிராம். அது முழுவதும் அமிலத்தோடு சேர்ந்தால் சுமார் 700 மில்லி லிட்டர் வாயு கிடைக்கும். கால் கிலோ மாவை உப்ப வைக்க இதுவே தாராளம். ஒரு பகுதி காற்றோடு போய்விட்டாலும் பாதகமில்லை.

மழைநாளிலும் இது தவறாமல் பலிப்பதற்குக் காரணம், பாக்டீரியாவின் வேலை முன்பே முடிந்திருப்பதுதான். தயிர்ப்பானையில் அவை நேற்றே அமிலத்தைச் செய்து வைத்துவிட்டன. இன்று நடப்பது வெறும் வேதிவினை. அது வெப்பத்துக்காகக் காத்திருக்காது.

அமிலம் போதாவிட்டாலும் சோடா சூட்டில் சிதைந்து வாயு தரும். ஆனால் அப்போது கிடைப்பது பாதி அளவுதான். கூடவே சோடியம் கார்பனேட் தங்கிவிடும். அதாவது துணி துவைக்கும் சோடா. சோடா அதிகமான போண்டாவில் நாக்கில் உறுத்தும் சவர்க்காரச் சுவை இதனால் வருவதே. எனவே ரொட்டி நன்றாக வர, சோடாவைக் கூட்டக்கூடாது. மோரைப் புளிக்கவிட வேண்டும். ஒரு டம்ளர் புளித்த கெட்டி மோருக்கு அரை டீஸ்பூன் சோடா சரியான கணக்கு.

பேக்கிங் பவுடர் வேறு சரக்கு. அதில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் கலந்திருப்பதால் தண்ணீர் பட்டாலே வேலை செய்யும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் போட முடியாது.

செய்முறை

முதலில் அடுப்பு, பிறகுதான் மாவு. இந்த வரிசையை மாற்றக்கூடாது. அடி கனமான பழைய குண்டானில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே கம்பி ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய விடுங்கள். கிறிஸ்துமஸுக்குக் குண்டானில் கேக் சுடுகிற வீடுகளில் செய்வது போலத்தான்.

கோதுமை மாவு பாதி, மைதா பாதி என்று 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் ஆப்பசோடாவும் போட்டுச் சலியுங்கள். சோடாக் கட்டி மாவில் தங்கினால் அந்த இடம் மஞ்சளாகிக் கசக்கும். நடுவில் குழி செய்து 200 மில்லி மோரை ஊற்றுங்கள். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் இருந்தால் அதுவே சிறப்பு. இல்லையென்றால் மூன்று பங்கு புளித்த தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். நீர்மோர் உதவாது.

மோர் பட்டதும் கவனித்துப் பாருங்கள். மாவின் ஓரங்கள் நுரைத்து மெல்லச் சீறும். விரல் வைத்தால் பொதபொதவென்று அமுங்கும். விரல்களை விரித்து வட்டமாகச் சுழற்றி ஒன்றுசேர்த்தால் போதும். பரோட்டா மாவை அடித்துப் பிசைவது குளூட்டனை இழுத்து வலுவாக்க. இங்கே அதே பிசைதல் ரொட்டியைக் கல்லாக்கிவிடும். மாவு கையில் சற்று ஒட்டவே வேண்டும். மழைக்காலத்து மாவு காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும் என்பதால் கடைசி இரண்டு கரண்டி மோரை நிறுத்தி வைத்துத் தேவை பார்த்து ஊற்றுங்கள்.

உருட்டி லேசாகத் தட்டி, மாவு தூவிய தட்டில் வைத்து, கத்தியால் ஆழமாகச் சிலுவைக் குறி கீறுங்கள். கீறலின் வழியே சூடு நடுப்பகுதிக்கு இறங்கும். ரொட்டி கண்ட இடத்தில் வெடிக்காமல் அந்தக் கோட்டில் விரியும். கலந்த நொடியிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் தாமதிக்காமல் குண்டானுக்குள் இறக்கி மூடுங்கள். மிதமான தீயில் 40 முதல் 50 நிமிடம் ஆகும். மேல்பக்கம் வெளிறியிருந்தால் கடைசிப் பத்து நிமிடம் திருப்பிப் போடலாம், அல்லது மூடி மேல் தணல் வைக்கலாம். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்று டப்பாவின் ஓசை வர வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. எடுத்ததும் துணியில் சுற்றி ஆற விட்டுப் பிறகு அறுங்கள். சூட்டில் அறுத்தால் உள்பகுதி பிசுபிசுக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

அரை டீஸ்பூன் சோடாவில் ஏறக்குறைய 650 முதல் 700 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. உப்பில் உள்ளது தனி. ஒருவருக்கு நாளைக்கு 2,000 மில்லி கிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் வெகுநாள் கிடந்த சோடாவில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்து, புளித்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலைக்குள் நிதானமாக வேகும் பண்டம். நேரம் கொடுத்தால்தான் அந்தச் சுவை வரும். சோடாவால் அதை ஈடுகட்ட முடியாது. அதே புளிப்பைத் தயிர்ப்பானையிலிருந்து கடன் வாங்கி, நேரத்தை மிச்சப்படுத்துவது சோடா ரொட்டியின் வழி. அமிலமும் காரமும் சேரும் கணக்கு கைவந்துவிட்டால் அயர்லாந்துச் செய்முறையோடு நிற்க வேண்டியதில்லை. மாவில் கால் பங்கைக் கேழ்வரகாகவோ கம்பாகவோ மாற்றலாம். அவற்றில் குளூட்டன் இல்லாததால் அதற்கு மேல் போனால் ரொட்டி உதிரும். சீரகமும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போடலாம். அன்றன்றே சாப்பிட வேண்டிய ரொட்டி இது. மிஞ்சினால் மறுநாள் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டுங்கள். பேக்கரி இல்லாத ஊரிலும், தயிர்ப்பானை உள்ள வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை.