மை அடர்ந்த எழுத்து

ஜெர்மனியின் பழைய விடுதிப் பலகைகளிலும் பீர் பாட்டில் லேபிள்களிலும் கன்னங்கரேலென்று ஓர் எழுத்து தென்படும். வளைய வேண்டிய இடங்களில் முறிந்து நிற்கும் அந்த எழுத்துருவின் பெயர் ஃபெட்டே பிராக்டூர். பிராங்க்பர்ட்டில் அச்செழுத்து வார்த்துவந்த யோகான் கிறிஸ்டியன் பாவர் 1850-இல் வடித்தது அது.

அதன் பூர்வீகம் இறகுப் பேனா. நுனியை அகலமாகச் சீவி, ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் கீழே இறங்கும் கோடு தடிக்கும். சாய்ந்து ஏறும் கோடு மயிரிழையாக மெலியும். வளைவையும் துண்டு துண்டாக இழுத்ததால் ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு கூர் நின்றுவிட்டது. கூட்டன்பர்க் 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் பைபிள் அச்சிட்டபோது இப்படிப்பட்ட கையெழுத்தைத்தான் உலோகத்தில் வார்த்தார்.

அந்தப் பழைய பாணியில் 'மினிமம்' என்ற லத்தீன் சொல்லை எழுதினால் மொத்தம் 15 செங்குத்துக் கோடுகள். ஒவ்வொரு 'எம்'முக்கும் மூன்று, 'என்'னுக்கு இரண்டு, 'யு'வுக்கு இரண்டு, ஒவ்வொரு 'ஐ'க்கும் ஒன்று. எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. எந்த எழுத்து எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். சிறிய 'ஐ'யின் தலைப்புள்ளியே, இந்த நெரிசலில் அதைப் பிரித்துக் காட்ட எழுத்தர்கள் போட்ட சிறு கோட்டிலிருந்து வந்ததுதான். சொல்லுக்குள் இப்படிக் கோடுகள் சீராக அடுக்கிவந்தால் வாசிப்பு மந்தமாகும் என்பதை பிரிட்டன் ஆய்வாளர் ஆர்னால்டு வில்கின்ஸின் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

ஆனாலும் பழகிய கண்ணுக்கு இது பெரிய தடையில்லை. ஜெர்மானியர்கள் தலைமுறை தலைமுறையாக நாளிதழையும் நாவலையும் பிராக்டூர் என்னும் இவ்வகை எழுத்தில்தான் படித்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அனுப்பிய செய்திகள் ஹாலே நகரில் நூலானதும் அதே எழுத்தில்தான்.

பாவர் செய்தது, இந்த எழுத்தைச் சுவரொட்டிக் காலத்துக்கு ஏற்பக் கொழுக்க வைத்தது. கோடுகள் பருத்தன, உள்ளே வெள்ளை வெறும் கீற்றாகச் சுருங்கியது. பெரிய அளவில் இரண்டு, மூன்று சொற்களுக்கு இதைவிடக் கம்பீரமான எழுத்தை நான் கண்டதில்லை. பத்தி முழுக்க இதில் கோத்தால் மை கசிந்து அந்தக் கீற்றுகளும் அடைபட்டுவிடும்.

இதை நாஜி எழுத்து என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். தொடக்கத்தில் நாஜிகள் இதைக் கொண்டாடியது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3-ஆம் தேதி, யூதர்களின் எழுத்து என்று பொய்க் காரணம் சொல்லி இதைக் கைவிடச் சொன்ன சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் ஹிட்லரின் உதவியாளர் மார்ட்டின் போர்மன்.

இன்று கணினியில் இதை எடுத்தாள்பவர்கள் சிலவற்றைக் கவனித்தால் போதும். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் அடிக்கக் கூடாது; சுருளும் கொம்புமாக ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், படிக்கவே முடியாது. பெரிய 'ஏ' புதியவர் கண்ணுக்கு 'யு' போலத் தெரியும் என்பதால் ஊர்ப்பெயர், ஆள்பெயர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சிறிய 'எஸ்'ஸுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: சொல்லின் நடுவே நீண்டது, இறுதியில் சுருண்டது. விடுதியைக் குறிக்கும் 'காஸ்ட்ஹவுஸ்' என்ற சொல்லில் இரண்டுமே வர வேண்டும். புதிதாக எழுதிய பலகைகள் பலவற்றில் இரண்டு இடத்திலும் சுருண்ட வடிவமே நிற்கிறது.