செலுத்திய வரிக்கு மறுபடியும் நோட்டீஸ்

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு கட்டிய சிறு கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்றும், சட்டப்படி அந்தக் கம்பெனி வாடகையில் 10 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியையே அவரிடம் கொடுத்து வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பிடித்த தொகையைச் சர்க்கார் கஜானாவில் கட்டி, இன்னாருக்காக இவ்வளவு என்று பான் எண்ணுடன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரப் பட்டியல் தாக்கல் செய்வது கம்பெனியின் கடமை. எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஓர் எழுத்தைக் கணக்கர் மாற்றித் தட்டிவிட்டால், பணம் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தும் ஆசிரியர் பெயரில் வரவாவதில்லை.

அவரோ முழு வாடகையையும் ஒளிவுமறைவின்றி வருமானமாகக் காட்டி, பிடிக்கப்பட்ட வரியையும் குறிப்பிட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார். பெங்களூரிலுள்ள மையப் பரிசீலனை நிலையத்தின் கணினி, அவர் சொன்ன தொகையை 26 ஏ.எஸ். என்னும் வரவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, அங்கே அது காணப்படாமையால் தள்ளிவிட்டு, ஏற்கெனவே கொடுத்துவிட்ட வரியையே வட்டியுடன் கட்டுமாறு 143(1) பிரிவின்கீழ் அறிவிப்பு அனுப்புகிறது. வருமான வரிக் காரியாலயத்தில் விசாரித்தால் கம்பெனியிடம் போகச் சொல்கிறார்கள்; ஏனெனில் அந்தப் பட்டியலைத் திருத்தித் தாக்கல் செய்யும் பாத்தியதை, பிடித்தம் செய்தவருக்கே உண்டு. கம்பெனிக்கோ இதில் அவசரம் ஏதுமில்லை. 30 நாட்கள் கடந்தால் கேட்புத் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறத் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய ரீஃபண்டும் 245-ஆம் பிரிவின்படி இந்தப் பொய்க் கடனுக்கு ஈடுகட்டப்படக்கூடும்.

பிழை செய்தவர் ஒருவர். திருத்தும் அதிகாரம் உள்ளவரும் அவரே. அதற்காக அலைந்து மனம் நொந்து வட்டிக் கணக்குக்கு ஆளாகிறவரோ வேறொருவர். வரி விகிதங்களைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் இருக்கலாம்; இந்த ஏற்பாட்டை மட்டும் எந்த நியாயத்தைக் கொண்டும் ஆதரிக்க இயலாது.

சட்டமும் இதற்கு எதிராகவே பேசுகிறது. ஒருவரது வருமானத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டிருக்குமானால், பிடித்த அளவுக்கு அவரிடம் மீண்டும் கேட்கக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு தெளிவாக விதிக்கிறது. பிடித்தவர் கஜானாவில் கட்டாமல் விட்டாலுங்கூட வரிதாரரை நிர்ப்பந்திக்கலாகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015-ல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன்பே 2013 மார்ச்சில், ஆடிட்டர் ஒருவர் எழுதிய கடிதத்தையே பொதுநல வழக்காக ஏற்றுக்கொண்டு, இத்தகைய வரவுப் பிணக்குகளாலும் ரீஃபண்ட் ஈடுகட்டல்களாலும் மக்கள் படும் இன்னலை விரிவாக ஆராய்ந்து, டில்லி உயர் நீதிமன்றம் இலாகாவுக்குக் கட்டளைகள் பிறப்பித்தது. இவ்வளவுக்குப் பின்னும் கணினி, பட்டியலை மட்டுமே பார்த்து அறிவிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வட்டியிலும் சமத்துவமில்லை. பிரஜை தாமதித்தால் மாதம் 1 சதவீதம். அரசாங்கம் திருப்பித் தரத் தாமதித்தாலோ மாதம் அரை சதவீதம்.

இவ்வாறு தேங்கிக் கிடக்கும் கேட்புகளின் பெருக்கத்தை அரசாங்கமே ஒப்புக்கொண்டதுண்டு. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சரிபார்க்கப்படாத சில்லறைக் கேட்புகள் ஏராளமாகப் பதிவேடுகளில் நிற்பதையும், அவற்றுட் பல 1962 வரை பழமையானவை என்பதையும் எடுத்துச் சொல்லி, 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் உள்ளவற்றை விலக்கிக்கொள்வதாகவும், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இதனால் பயனடைவர் என்றும் அறிவித்தார். மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆயினும் அறுபது ஆண்டுகள் ஒரு கணக்கு சரிபார்க்கப்படாமல் கிடக்கலாம் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

விதிகளின் மொழியும் குழப்பத்துக்குத் துணைசெய்தது. 2023-24-ல் ஈட்டிய வருமானத்துக்கு 2024-25 என்பதே மதிப்பீட்டு ஆண்டு. இதில் தடுமாறி, செலானில் வேறு ஆண்டைக் குறித்துவிட்டுக் கட்டிய வரியைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதென வகுக்கப்பட்ட, 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம், இந்த இரட்டை வழக்கை நீக்கி ‘வரி ஆண்டு’ என்று ஒன்றையே வைத்திருப்பது நல்ல காரியம். பழைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடக்கும்.

ஆசிரியரைப் போன்றவர்கள், காலாண்டுதோறும் கம்பெனியிடம் வரிப் பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது உசிதம். அது வராமற்போனால் பட்டியலில் எங்கோ பிசகு நேர்ந்திருக்கிறது என்று உடனே சந்தேகிக்கலாம். அறிவிப்பு வந்துவிட்டாலும், பயந்துகொண்டு பணத்தைக் கட்டிவிடாமல், கேட்பை ஏற்கவில்லை என்று இலாகாவின் இணையதளத்தில் பதிந்துவிட்டு, 154-ஆம் பிரிவின்கீழ்த் திருத்த மனு கொடுக்க வேண்டும். மனு கிடைத்த மாத முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அதன்மீது உத்தரவிட அதிகாரி கடமைப்பட்டவர். வாடகை ஒப்பந்தத்தையும், 10 சதவீதம் குறைத்தே பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கங்களையும் மனுவோடு இணைத்து, 205-ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவசியம்.