படாவியாவை மூட வேண்டாம், கதையை முழுசாகச் சொல்லுங்கள்

சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர் வீடுகளில், பிள்ளைகள் வளரும் வயதில் ஒரு தடவையாவது யூரோப்பா-பார்க் போகாத வீடு குறைவு. ஜெர்மனியில் ரூஸ்ட் என்ற ஊரில் இருக்கிறது. பாசலைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நாங்கள் இருக்கும் ரெனான், பெர்ன் மாநிலத்தின் பிரெஞ்சு பேசும் மூலையில், லா ஷோ-து-ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட ஆகும். போன கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அவளுக்கு எட்டு வயது.

அங்கே ‘பிராட்டன் இன் படாவியா’ என்று ஒரு படகுச் சவாரி உண்டு. ‘படாவியாவின் கடற்கொள்ளையர்’ என்று அர்த்தம். இருட்டுக்குள் படகு மெதுவாக மிதந்து போகும். பீரங்கி வெடிக்கும், நகரம் எரியும், கொள்ளையர்கள் கூச்சல் போடுவார்கள். எனக்கும் பிடித்திருந்தது. இறங்கி வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, படாவியா நிஜமாவே இருக்கிற ஊரா? அங்க யாரு இருந்தாங்க?”

“அது கொள்ளைக்காரங்க ஊரும்மா” என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டேன். அது தப்பான பதில் என்று அன்று ராத்திரிதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தப்பைத் திருத்த எழுதுவது.

எரிந்ததும், திரும்பக் கட்டியதும்

இந்தச் சவாரி 1987இல் திறக்கப்பட்டது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967 முதல் ஓடும் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’தான் இதற்கு முன்மாதிரி. 2018 மே 26 அன்று பூங்காவில் பெரிய தீ விபத்து. பார்வையாளர் யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் படாவியா முழுசாக எரிந்துபோனது.

முப்பது வருஷப் பழைய சவாரி. அதை அப்படியே விட்டுவிட்டு, அந்த இடத்தில் புதுசாக ஒரு ரோலர் கோஸ்டர் போட்டிருக்கலாம். ஆனால் சின்ன வயதில் அதில் போய் வளர்ந்தவர்கள் விடவில்லை. திரும்பக் கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகமும் அதே பெயரில், அதே பழைய உணர்வோடு, புதிய பொம்மைகளும் புதிய தொழில்நுட்பமும் சேர்த்து 2020 ஜூலை 28 அன்று திறந்தது. பார்த்தொலோமேயுஸ் வான் ரோபெமொண்ட் என்ற ஒரு கதாநாயகனும், அவன் தேடும் ஒரு மாயக் குத்துவாளும் கதைக்குள் வந்தன.

மென்பொருள் வேலையில் இருக்கிற எங்களுக்கு இது பழக்கமான நிலைமை. பழைய சிஸ்டம் ஒன்று மொத்தமாகப் படுத்துவிட்டால் அதை மூடலாம், ஒட்டுப் போட்டு ஓட்டலாம், இல்லை முதலிலிருந்து எழுதலாம். முதலிலிருந்து எழுதும்போது ஒரு ஆபத்து உண்டு. கோட் புதுசாக இருக்கும். ஆனால் பழைய தேவைப் பட்டியலில் இருந்த தப்பான அனுமானம் யாரும் கவனிக்காமலே புதுசுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். படாவியாவிலும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

படாவியா எந்த ஊர்?

இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய படாவியா. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1619இல் ஜயகர்த்தா என்ற ஊரை அழித்து, அதன் மேல் கட்டிய தலைமையகம். ஆசியாவில் இருந்த அத்தனை டச்சுக் கோட்டைகளுக்கும் உத்தரவு போனது அங்கிருந்துதான். 1740இல் அந்த நகரில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள்.

இதில் நமக்கு என்ன? எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பழவேற்காட்டில் அதற்கு முன்பே கோட்டை கட்டியிருந்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் வரும்வரை ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. நாம் சொல்லும் ‘துட்டு’ டச்சுக் காசின் பெயர். ‘கக்கூஸ்’ கூட டச்சு வார்த்தைதான். இதைச் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்க முடியாத பகுதியும் இருக்கிறது. அந்தக் கம்பெனி துணியும் மிளகும் மட்டும் வாங்கி விற்கவில்லை, ஆட்களையும் வாங்கி விற்றது. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைச் சீமை நாசமாகிப் பஞ்சத்தில் கிடந்தது. அந்த நேரத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்று வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மிச்சப் பேரில் ஒரு பகுதி மலாக்காவுக்கும் படாவியாவுக்கும் போனது.

“அங்க யாரு இருந்தாங்க?” என்ற கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: “நம்ம ஊர்க்காரங்களும் இருந்தாங்கம்மா. விலைக்கு வாங்கப்பட்டுப் போனவங்க.”

மூடச் சொல்லி ஒரு மின்னஞ்சல்

ஒரு வாரம் கோபமாகவே இருந்தேன். இந்தச் சவாரியை மூடுங்கள் என்று பூங்காவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். உதாரணமும் கையில் இருந்தது. டிஸ்னியின் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ சவாரி, கறுப்பின மக்களின் அடிமைக் கால வாழ்க்கையை மினுக்கிக் காட்டியதாக விமர்சிக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுப் படத்தை வைத்துச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் அதை 2023இல் மூடினார்கள். 2024இல் அதே தண்ணீர்ப் பாதையில், ஒரு கறுப்பின இளவரசியின் கதையோடு வேறு பெயரில் திறந்தார்கள். அவர்கள் செய்ததை இவர்கள் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் வாதம்.

பக்கத்து ஊர் சாந்த்-இமியேவில் ஒரு அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அதை முன்னமே மூடியிருந்தா உங்கட பிள்ளை அந்தப் பேரையே கேட்டிருக்க மாட்டா. நீங்களும் தேடியிருக்க மாட்டீங்கள். ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்திலதான் நான் வளர்ந்தனான். எனக்கு ஆராவது படாவியாவைச் சொல்லித் தந்தவையோ?”

நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். “ஒல்லாந்தர் எழுதி வைச்ச தேசவழமைச் சட்டத்தில அடிமையளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கு. அவன் கொண்டுவந்து திணிச்சதில்லை, எங்கட ஆக்கள் வைச்சிருந்ததை எழுதினவன். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.”

எனக்கு வாயடைத்துப்போனது. தஞ்சைப் பஞ்சத்தில் ஆட்களைப் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் உள்ளூர்த் தரகர்களும் இருந்தார்கள். அதோடு, 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைச் சூறையாடியதை ஒரு சவாரியாக யாராவது செய்தால் நாம் வரிசையில் முதல் ஆளாக நிற்போம். எரியும் நகரம் யாருடையது என்று நாமும் கேட்கமாட்டோம்.

வயதாவதில் இரண்டு வகை

பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு சவாரி இரண்டு விதமாக வயதாகும். ஒன்று, இயந்திரம் வயதாவது. 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்துப் பூங்காவில் ஒரு ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோய், தீயணைப்புத் துறையினர் வந்து ஆட்களை இறக்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரி விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. பாதுகாப்பு உறுதியாகும்வரை மூடத்தான் வேண்டும்.

இன்னொன்று, கதை வயதாவது. இயந்திரம் நன்றாக ஓடும், பார்க்கிற கண் மாறியிருக்கும். டிஸ்னியின் கடற்கொள்ளையர் சவாரியில் பெண்களைக் கயிற்றில் கட்டி ஏலம் விடும் காட்சி ஒன்று பல வருஷம் நகைச்சுவையாக ஓடியது. பாரிஸில் 2017இலும் அமெரிக்காவில் 2018இலும் அதை மாற்றினார்கள். ஏலத்தில் நின்ற சிவப்புத் தலைமுடிக்காரி இப்போது ஒரு கொள்ளைக்காரி. சவாரியை மூடவில்லை, ஒரு காட்சியைத்தான் திருத்தினார்கள். ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. பெண்களை ஏலம் விடுவது போய்விட்டது, அப்படி ஏலம் நடந்தது என்ற நினைவும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

மூடவும் செய்யாமல், மழுப்பவும் செய்யாமல் ஒரு வழி உண்டா? எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் நியூஷாத்தெல் நகரத்தில் உண்டு.

நியூஷாத்தெல் செய்தது

அந்த ஊரின் நடுச் சதுக்கத்தில் தாவித் து புரி என்பவரின் சிலை 1855 முதல் நிற்கிறது. லிஸ்பனில் வியாபாரம் செய்து சம்பாதித்த பெருஞ்சொத்தைத் தன் ஊருக்கு எழுதி வைத்த வள்ளல். அந்தச் சொத்தின் அடியில் அடிமை வணிகமும் அடிமை உழைப்பும் இருந்தன. 2020இல் சிலையை எடுக்கச் சொல்லி மனு வந்தது. சிவப்புச் சாயமும் ஊற்றினார்கள். நகரம் சிலையை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தது. 2022இல் அதே சிலையின் சின்னப் பிரதி ஒன்றை, தலைகீழாக, தலை கான்கிரீட்டுக்குள் புதைந்தபடி, ஒரு கலைஞர் செய்து அங்கேயே நிறுத்தினார். இப்போது அந்த வழியாகப் போகும் குழந்தை “ஏன் இது தலைகீழா இருக்கு?” என்று கேட்கும். பதில் பலகையில் இருக்கிறது.

இதே நியூஷாத்தெல்காரரான ஷார்ல்-தானியேல் து மெரோன் 1781இல் டச்சுக் கம்பெனிக்காக ஒரு கூலிப்படை திரட்டினார். அந்தப் படை இலங்கையில் காவல் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது. நாம் இங்கே வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் நம் ஊருக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் பிள்ளைகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வகுப்பில் இது அவர்களுடைய கதை மட்டுமில்லை, பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளையின் கதையும்தான்.

நான் கேட்பது

ஆகவே என் பழைய மின்னஞ்சலை அழித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சவாரி இருக்கட்டும். பீரங்கியும் குத்துவாளும் இருக்கட்டும். வரிசையில் காத்திருக்கும் நேரம் நிறைய இருக்கிறது. அங்கே ஒரு வரைபடமும் ஒரு பலகையும் வையுங்கள். படாவியா என்பது எந்த ஊர், அதைக் கட்டியது யார், யார் யாரை எங்கிருந்து அங்கே கொண்டுபோனார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பத்து வரி எழுதினால் போதும். எரிந்த சவாரியைத் திரும்பக் கட்டிய நிர்வாகத்துக்கு இது ஒரு செலவே இல்லை.

“சந்தோஷமா இருக்கப் போற இடத்துல எதுக்கு வரலாறு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்டது நான் இல்லை, எட்டு வயதுப் பிள்ளை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கும்போதுதான் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு நிஜ ஊரின் பெயரை வாசலில் எழுதி வைத்தால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

பலகை வருமோ வராதோ, நம் பக்கத்து வேலை நம்முடையது. ரூஸ்ட் போகும் வழியில் இரண்டு மணி நேரம் காரில் பிள்ளைகள் நம்மோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமையை யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், படாவியா என்ற மூன்று ஊருக்கு ஒதுக்கலாம். நம் முன்னோர் வாங்கப்பட்டதையும், நம் முன்னோரில் சிலர் விற்றதையும் சேர்த்தே சொல்லலாம்.

என் மகளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்தக் கப்பல்ல பிள்ளைங்களும் இருந்தாங்களா?” என்று கேட்டாள். இருந்தாங்க என்றேன்.

“அடுத்த தடவை போறப்ப அதுல ஏறலாமா, கூடாதா?”

“ஏறலாம்மா. ஏறி இறங்கினப்புறம், கூட வர்ற உன் ஃப்ரெண்டுக்கும் இதைச் சொல்லு.”