எதிரி நாட்டிலிருந்து வந்த மருமகள்!

1952, ஜூலை மாதம். இரண்டு பெண் குழந்தைகளோடு ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கினார் ஒரு ஜப்பானியப் பெண். பெயர் நொபுகோ சகுராமோட்டோ. 'சகுரா' என்றால் செர்ரிப் பூ. அதனால் புகுந்த நாட்டில் அவர் செர்ரி பார்க்கர் ஆனார். ஆஸ்திரேலியச் சிப்பாயை மணந்து, அந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட முதல் ஜப்பானிய மணப்பெண் அவர்தான். பின்னாலேயே சுமார் 650 பேர் வந்தார்கள்.

அந்தப் பெண்களில் பலரின் கதை கூரேயில் தொடங்குகிறது. ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள துறைமுக நகரம் அது. 'யமாட்டோ' என்ற ராட்சதப் போர்க்கப்பலைக் கட்டிய ஊர். போர் முற்றியபோது பள்ளிச் சிறுமிகளையும் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். 1945 ஜூலைத் தொடக்கத்தில் ஒரே இரவில் விழுந்த தீக்குண்டுகளில் ஊரே எரிந்தது. அடுத்த மாதம் 6-ம் தேதி, ஹிரோஷிமா பக்கம் எழுந்த புகைக்காளான் கூரேவரை தெரிந்தது.

'எதிரிச் சிப்பாய்கள் மனிதர்களே அல்ல, அரக்கர்கள்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 1946-ல் அந்த அரக்கர்களே கூரேயில் முகாம் போட்டார்கள். வீட்டில் பசி. முகாமில் வேலை கிடைத்தது. ஜப்பானியரோடு பழகக் கூடாது என்று சிப்பாய்களுக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. உத்தரவு போட்டால் மனசு கேட்குமா?

1948-ல் ஷின்டோ முறைப்படி நொபுகோவை மணந்தார் கார்டன் பார்க்கர். ஆஸ்திரேலிய அரசோ, ஜப்பானியப் பெண் யாரும் உள்ளே வரக் கூடாது என்றது. வெள்ளையருக்கே முன்னுரிமை தரும் குடியேற்றக் கொள்கை ஒருபக்கம். இன்னொருபக்கம், ஆறாத கோபம். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம் மரண ரயில்பாதையில் ஆஸ்திரேலியக் கைதிகளும் செத்து விழுந்திருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த வீடுகளிடம் 'மன்னித்துவிடுங்கள்' என்று எந்த அரசு போய்ச் சொல்ல முடியும்?

1952 மார்ச்சில்தான் கதவு திறந்தது. அடுத்தடுத்துப் புறப்பட்ட மணப்பெண்களுக்கு கூரேயிலேயே ஆஸ்திரேலியச் சமையலும் வீட்டு வேலையும் சொல்லித்தர வகுப்புகள் நடந்தன. அரிசியும் மீனும் சமைத்த கைகள் ஆட்டுக்கறி ரோஸ்ட்டுக்குப் பழகின.

ஆனாலும் கையில் இருந்தது ஐந்து ஆண்டு அனுமதி மட்டுமே. அங்கே பிறந்த பிள்ளை குடிமகன்; பெற்ற தாய் விருந்தாளி. ஆஸ்திரேலியர்களை மணந்த ஐரோப்பியர் அல்லாதோரும் குடியுரிமை கேட்கலாம் என்று விதி மாறியது 1956-ல்தான்.